கோதுமை துறைமுகத்தில், டாலர் எங்கேயோ: 2022 போரும் எகிப்தின் ரொட்டியும்

2022 செப்டம்பர் கடைசியில் எகிப்தின் துறைமுகங்களில் சுமார் 7 லட்சம் டன் கோதுமை முடங்கிக் கிடந்தது. தனியார் மாவு ஆலைகளுக்காக வந்த கோதுமை அது. கப்பல் வந்தாயிற்று, ஆனால் சரக்கை வெளியே எடுக்க முடியவில்லை. மானியம் இல்லாத மாவை அரைக்கும் ஆலைகளில் பெரும்பாலானவை கோதுமை இல்லாமல் நின்றுபோயிருந்தன. இதில் என்னை உலுக்கியது அந்தத் தேதிதான். அந்த மாதத்தில் உலகச் சந்தையில் கோதுமை விலை உக்ரைன் போருக்கு முன்பிருந்த அளவுக்கு ஏறக்குறைய இறங்கியிருந்தது. உக்ரைன் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் மறுபடியும் கிளம்ப ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. கோதுமை இருக்கிறது, விலை தணிந்துவிட்டது, கப்பலும் ஓடுகிறது, அப்படியும் ஆலை ஓடவில்லை என்றால் அடைப்பு எங்கே?

தூரத்தில் ஒரு போர் நடந்தால் அங்கே விளைச்சல் போகும், இங்கே பற்றாக்குறை வரும் என்று நேர்கோட்டில் நினைத்துக்கொள்கிறோம். எகிப்துக்கு நடந்ததைத் தேதி தேதியாகப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கோடு எங்குமே நேராக ஓடவில்லை. கப்பல் காப்பீடு, டெண்டர், நாணய மதிப்பு, வங்கி என்று கணக்குப் புத்தகங்கள் வழியாகத்தான் போர் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. போரில் சுடப்பட்ட ஒரு குண்டுகூட எகிப்தில் விழவில்லை.

பிப்ரவரி 24, டெண்டர் நாள்

முதலில் எகிப்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மக்கள் 10 கோடிக்கு மேல். ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி டன் கோதுமை வேண்டும், உள்நாட்டில் விளைவது 90 லட்சம் டன் அளவுதான். நைல் நதி பாயும் குறுகிய பட்டையை விட்டால் மற்றதெல்லாம் பாலைவனம், ஆகவே விளைச்சலை நினைத்தபடி கூட்டிவிட முடியாது. மிச்சம் கப்பலில் வர வேண்டும். உலகிலேயே அதிகமாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடு என்ற பெயர் பல ஆண்டுகளாக எகிப்துக்கு உண்டு. அந்த இறக்குமதியில் 2021இல் ஏறக்குறைய 80 விழுக்காடு ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தது. உக்ரைனின் ஒடேசா துறைமுகத்தில் கிளம்பும் கப்பல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்குச் சில நாளில் வந்துவிடும், அமெரிக்காவிலிருந்து வர மூன்று வாரமாவது ஆகும், அதனால் கருங்கடல் கோதுமைதான் மலிவு. இதை எகிப்தின் முட்டாள்தனம் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஏழை நாடு மலிவான இடத்தில் வாங்குகிறது, அவ்வளவுதான். அந்த மலிவுக்குள் ஒளிந்திருந்த ஆபத்துக்கு யாரும் விலை போட்டிருக்கவில்லை.

அரசுக்காகக் கோதுமை வாங்கியது சரக்கு வழங்கல் பொது ஆணையம் என்ற அரசு அமைப்பு. டெண்டர் விடும், வியாபாரிகள் விலை கொடுப்பார்கள், குறைந்த விலைக்காரரிடம் வாங்கும். எகிப்து விடும் டெண்டரைப் பார்த்தே உலக வியாபாரிகள் அன்றைய சந்தை நிலவரத்தைக் கணிப்பார்கள், அந்த அளவுக்கு அதற்கு மதிப்பு.

அப்படி ஒரு டெண்டருக்கு 2022 பிப்ரவரி 24ஆம் தேதி நாள் குறித்திருந்தார்கள். அன்று விடிவதற்குள் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்துவிட்டது. டெண்டரைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு விலைதான் வந்திருந்தது, அதுவும் பிரெஞ்சுக் கோதுமைக்கு. வாங்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு பேராவது விலை கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. டெண்டர் ரத்து. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 28 அன்று, இன்னொரு டெண்டர். வந்ததே சில விலைகள், அவையும் எட்டாத உயரம். அதுவும் ரத்து. உலகின் மிகப் பெரிய வாடிக்கையாளர் பையோடு கடைவாசலில் நிற்கிறார், விற்க ஆளில்லை.

அந்த நான்கு நாளில் எந்த வயலும் எரிந்து கோதுமை குறைந்துவிடவில்லை. பனிக்காலக் கோதுமை மண்ணுக்குள் இருந்தது, முந்தைய அறுவடை கிடங்குகளில் இருந்தது. ஆனால் நாளைக்கு என்ன விலை சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை, சொன்ன விலைக்குக் கப்பல் கிடைக்குமா என்பதும் தெரியவில்லை. விலை சொல்லத் தெரியாத வியாபாரி டெண்டருக்கு வர மாட்டார். இதுதான் போர் தொட்ட முதல் இடம்.

காப்பீட்டுக்காரர் போட்ட முதல் கோடு

போர் தொடங்குவதற்கு ஒன்பது நாள் முன்பே, பிப்ரவரி 15 அன்று, லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க் குழு ரஷ்ய, உக்ரைன் கடல்பகுதிகளை அபாயப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தப் பட்டியலில் ஒரு கடல் வந்துவிட்டால் அங்கே போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகப் போர் அபாயப் பிரீமியம் கட்ட வேண்டும், அதுவும் கப்பலின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கப்பலின் மதிப்பு 2.5 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம், பிரீமியம் 1 விழுக்காடு. ஒரு பயணத்துக்கு 2.5 லட்சம் டாலர். கப்பலில் 50,000 டன் கோதுமை என்றால் டன்னுக்கு 5 டாலர் கூடுகிறது. பிரீமியம் 3 விழுக்காடு ஆனால் டன்னுக்கு 15 டாலர். இதில் கப்பல் வாடகை உயர்வு சேரவில்லை, மாலுமிகளுக்கான கூடுதல் படி சேரவில்லை, துறைமுகத்தில் காத்துக்கிடக்கும் நாள்களுக்கான தண்டச்செலவும் சேரவில்லை. இதையெல்லாம் கடைசியில் கட்டுவது வாங்குகிற நாடுதான். ஒடேசா பக்கம் கடலில் கண்ணிவெடி, ரஷ்யக் கடற்படையின் முற்றுகை என்று ஆனபிறகு கேள்வியே மாறிவிட்டது. எந்த விலைக்கும் கப்பல் போகாது.

உக்ரைன் தானிய ஏற்றுமதியில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்வழியாகப் போனது. அந்த வழி மூடியதும் ரயிலில் அனுப்பலாம் என்றார்கள். உக்ரைன் ரயில்பாதையின் அகலம் 1520 மில்லிமீட்டர், போலந்துப் பக்கம் 1435 மில்லிமீட்டர். எல்லையில் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் தானியத்தை வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும், அல்லது சக்கர அமைப்பையே கழற்றி மாற்ற வேண்டும். இந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. நான்கு விரல் சேர்த்தால் வருகிற அகலத்தை ஒட்டிய ஓர் இடைவெளி, அதன் முன்னால் சுமார் 2 கோடி டன் தானியம் தேங்கி நின்றது. அப்புறம் டான்யூப் ஆற்றின் சிறு துறைமுகங்கள் கைகொடுத்தன, ஆனாலும் ஒடேசாவின் அளவுக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மார்ச் முதல் வாரம் முடிந்ததும் சிகாகோ சந்தையில் ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, கோதுமை 13 டாலரைத் தாண்டியது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உணவு விலைக் குறியீடு அந்த மார்ச்சில் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து உலகக் கோதுமை ஏற்றுமதியில் 30 விழுக்காட்டை ஒட்டி வைத்திருந்தவை, சூரியகாந்தி எண்ணெயிலோ பாதிக்கும் மேல். இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உலகில் விளையும் கோதுமையில் நான்கில் ஒரு பங்குதான் எல்லை தாண்டி விற்பனைக்கு வருகிறது, மீதி விளைந்த நாட்டிலேயே தீர்ந்துபோகிறது. இறக்குமதியை நம்பிய நாடுகள் அத்தனையும் அந்த ஒரு பங்குக்குள்தான் முட்டிமோதுகின்றன. அதில் மூன்றில் ஒரு பகுதி ஆடினால் போதும்.

அதற்கு மேல் மற்ற நாடுகளின் பயம். எகிப்து ஏப்ரலில் இந்தியக் கோதுமையை வாங்க அனுமதி கொடுத்தது, 5 லட்சம் டன் வாங்கப் பேச்சும் நடந்தது. மே 13 அன்று இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. மார்ச், ஏப்ரலில் அடித்த வெயிலில் அங்கே கதிர் சுருங்கிப்போயிருந்தது, உள்ளூர் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே, ஏப்ரல் 28 முதல், இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது, மே 23 அன்றுதான் திறந்தது. தன் மக்களுக்கு முதலில் என்று ஓர் அரசு நினைப்பதைக் குறை சொல்வது கஷ்டம். ஆனால் ஒவ்வொரு நாடும் தன் கதவைச் சாத்தும்போது வெளியே நிற்பவர்களின் கூட்டம் ஒரே கதவின் முன் குவிகிறது.

காப்பாற்றியது சைலோ

இந்த இடத்தில் எகிப்துக்கு இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன, இவற்றைப் பற்றிப் பலர் பேசுவதில்லை.

ஒன்று, கிடங்கு. 2014 வாக்கில் எகிப்தின் நவீன சைலோக்களில், அதாவது மூடிய தானியக் கோபுரங்களில், பத்துப் பன்னிரண்டு லட்சம் டன் அளவுக்குத்தான் இடம் இருந்தது, மிச்சமெல்லாம் ஷூனா என்று சொல்லப்படும் திறந்தவெளிக் களங்களில் குவிந்து கிடக்கும். மழை, எலி, பறவை, புழுதி, எல்லாம் பங்கு கேட்கும். அதற்குப் பிறகு சைலோக்கள் கட்டிக் கட்டி, போர் வந்தபோது 34 லட்சம் டன் வரை சேமிக்க முடிந்தது. போர் தொடங்கியபோது நான்கு மாதத்துக்கும் மேல் ஓடும் கையிருப்பு இருப்பதாக அரசு சொன்னது. இரண்டு டெண்டரைத் துணிந்து ரத்து செய்ய முடிந்ததே அதனால்தான். கிடங்கில் பத்து நாள் சரக்கு மட்டும் இருந்திருந்தால் அந்த ஒற்றை விலையைத் தலையில் அடித்துக்கொண்டு வாங்கியிருப்பார்கள். கையிருப்பு என்றால் பசிக்கு வைத்திருப்பது என்று மட்டும் நினைக்கிறோம், பேரம் பேசும் பலமும் அதில்தான் இருக்கிறது.

இரண்டு, காலம். எகிப்தில் கோதுமை அறுவடை ஏப்ரல் நடுவில் தொடங்கும். போர் வந்து ஏழெட்டு வாரத்தில் சொந்த அறுவடை. அரசு கொள்முதல் விலையை உயர்த்தி, ஓர் அர்தெப்புக்கு, அதாவது 150 கிலோவுக்கு, 865 முதல் 885 எகிப்திய பவுண்டு வரை என்றது, ஒரு ஃபெத்தான், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், நிலத்துக்கு 12 அர்தெப் கட்டாயமாக அரசுக்குத் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இலக்கு 60 லட்சம் டன், கிடைத்தது 42 லட்சம் டன் அளவு. தீவன விலை ஏறிக்கிடந்த நேரத்தில் மாட்டுக்கும் கோழிக்கும் கோதுமையே கட்டுப்படியாகும் என்றால் விவசாயி அதை அரசுக்குக் கொடுக்கத் தயங்குவார். இலக்குக்குக் குறைவுதான், ஆனாலும் முந்தைய ஆண்டைவிட அதிகம். போர் அக்டோபரில் தொடங்கியிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

டாலர் போன வழி

சரி, கோதுமை ஓரளவுக்குச் சமாளித்தாயிற்று. அடி வேறு பக்கமிருந்து வந்தது.

எகிப்தின் அரசுக் கடன் பத்திரங்களில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பெரும் பணம் போட்டிருந்தார்கள், வட்டி அதிகம் என்பதால். போர் வந்ததும், மார்ச் 16 அன்று அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியதும், அந்தப் பணம் கிளம்பிவிட்டது. சில மாதங்களில் சுமார் 2,000 கோடி டாலர் வெளியே போனது. செங்கடல் கரைக்கு வந்துகொண்டிருந்த ரஷ்ய, உக்ரைன் சுற்றுலாப் பயணிகளின் வரவும் அடிபட்டது. கோதுமைக்கும் எரிபொருளுக்கும் அதிக டாலர் தேவைப்பட்ட அதே வாரங்களில் டாலர் வரும் வழிகள் சுருங்கின.

மார்ச் 21 அன்று பவுண்டின் மதிப்பைத் தளர்த்தினார்கள். ஒரு டாலருக்கு 15.7 பவுண்டு என்பது 18ஐத் தாண்டியது. அக்டோபர் 27 அன்று இன்னொரு முறை, 2023 ஜனவரியில் மறுபடியும், அப்போது 30 பவுண்டு. 2024 மார்ச்சில் 50 பவுண்டை ஒட்டி.

இதன் பொருளைக் கோதுமையில் பார்க்க வேண்டும். ஒரு டன் 300 டாலர் என்று மாறாமல் வைத்துக்கொள்வோம். 15.7 என்ற விகிதத்தில் 4,710 பவுண்டு, 30 என்றால் 9,000 பவுண்டு, 50 என்றால் 15,000 பவுண்டு. உலகச் சந்தையில் ஒரு காசும் ஏறவில்லை, ஆனால் கெய்ரோவில் ரொட்டி சுடுபவருக்கு மாவு மூன்று மடங்கு. ஐ.நா.வின் உலக உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சுக்குப் பிறகு மொத்தத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. எகிப்தின் நகர்ப்புற உணவுப் பணவீக்கமோ 2023 செப்டம்பரில் ஆண்டுக் கணக்கில் 70 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரே காலம், ஒரே கோதுமை, இரண்டு கோடுகள் எதிரெதிர்த் திசையில். உலக விலை இறங்கிவிட்டது, நெருக்கடி முடிந்தது என்று 2022 கடைசியில் எழுதியவர்கள் இந்த இரண்டாவது கோட்டைப் பார்க்கவே இல்லை.

ஆரம்பத்தில் சொன்ன 7 லட்சம் டன்னுக்கு வருகிறேன். இறக்குமதியாளர் வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் கொடுக்க வங்கியில் எல்.சி. திறப்பார், அதாவது சரக்கு அனுப்பியதற்கான ஆவணங்களைக் காட்டினால் இந்த வங்கி டாலரில் பணம் தரும் என்ற உறுதிக் கடிதம். பவுண்டில் எவ்வளவு பணம் கையில் இருந்தாலும் வங்கியிடம் டாலர் இல்லையென்றால் அந்தக் கடிதம் வராது, கடிதம் இல்லையென்றால் சரக்கின் ஆவணங்கள் கைக்கு வராது, ஆவணம் இல்லாமல் துறைமுகம் சரக்கை விடாது. கோதுமை கண்ணுக்கு முன்னால் இருக்கும். துறைமுகக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். ஆலை முதலாளி வங்கிக்கு அலைவார். பற்றாக்குறை என்ற சொல்லைக் கேட்டால் காலிக் கிடங்குதான் நம் மனக்கண்ணில் வருகிறது, இங்கே நிரம்பி வழிந்த துறைமுகம்தான் பற்றாக்குறையின் முகம்.

அட்டை உள்ளவர், அட்டை இல்லாதவர்

எகிப்திய அரபியில் ரொட்டிக்கு ‘ஐஷ்’ என்று பெயர், அந்தச் சொல்லுக்கு வாழ்க்கை என்றும் பொருள். 1977 ஜனவரி 18, 19 தேதிகளில், மானியத்தைக் குறைக்கப்போவதாக அரசு அறிவித்ததும் நாடே கொந்தளித்து, அறிவிப்பையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தப் பயம் அதற்குப் பிறகு வந்த எல்லா அரசுகளுக்கும் உண்டு. ஏறக்குறைய 7 கோடி பேருக்கு மானிய ரொட்டி அட்டை. ஓர் ஆளுக்கு நாளைக்கு ஐந்து ரொட்டி, அப்போது ஒன்று 5 பியாஸ்டர். பவுண்டில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் 2020இல் ஒரு ரொட்டியின் எடையை 110 கிராமிலிருந்து 90 கிராமாகக் குறைத்திருந்தார்கள். விலையைத் தொட முடியாத இடத்தில் எடையைத் தொடுவது எல்லா அரசுகளுக்கும் தெரிந்த வழி.

2022 முழுக்க அந்த 5 பியாஸ்டர் மாறவில்லை. இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. உலகச் சந்தை கொந்தளித்த நேரத்தில் 7 கோடி பேர் தினமும் ஐந்து ரொட்டியை அதே விலைக்கு வாங்கினார்கள், அந்த மானியத்தை வீண்செலவு என்று வெளியிலிருந்து சொல்பவர்கள் இந்த ஒரு வருடத்தையாவது எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அட்டை இல்லாதவர்கள்? அவர்கள் வாங்கும் சந்தை ரொட்டி போர் தொடங்கிய மூன்று வாரத்துக்குள் நாலில் ஒரு பங்கு வரை ஏறியது. மார்ச் 21 அன்றே, பவுண்டைத் தளர்த்திய அதே நாளில், சந்தை ரொட்டி கிலோ 11.5 பவுண்டுக்கு மேல் விற்கக்கூடாது என்று அரசு உச்சவரம்பு போட்டது. மாவு விலை ஒரு பக்கம் ஏற, ரொட்டி விலையை மட்டும் கட்டிவைத்தால் கடைக்காரர் ரொட்டியைச் சிறிதாக்குவார் அல்லது அடுப்பை அணைப்பார். உச்சவரம்பு சில வாரத்துக்கு மூச்சுவிட நேரம் தரும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

அட்டை உள்ள குடும்பமும் ரொட்டியை மட்டும் தின்று வாழ்வதில்லை. 2022 அக்டோபரில் எகிப்தின் கோழிப்பண்ணைக்காரர்கள் குஞ்சுகளைக் கொன்று அழித்தார்கள், அந்தக் காணொளிகள் நாடு முழுக்கப் பரவின. குஞ்சுகளுக்கு நோய் எதுவும் கிடையாது. மக்காச்சோளமும் சோயாவும் அதே துறைமுகங்களில் அதே டாலருக்காகக் காத்துக் கிடந்தன, வளர்க்கத் தீவனம் இல்லை. குஞ்சைக் கொன்றால் சில வாரம் கழித்துக் கறி இல்லை, சில மாதம் கழித்து முட்டையும் இல்லை. ஏழைக் குடும்பத்துக்கு எட்டுகிற புரதமே முட்டையும் கோழியும்தான். வயிறு ரொட்டியால் நிரம்பும், பிள்ளை மட்டும் வளராது. பஞ்சக் கணக்கில் இப்படிப்பட்ட பசி வருவதில்லை, அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

லெபனானும் சோமாலியாவும்

எகிப்துக்கு சைலோ இருந்தது, டாலர் இல்லை. லெபனானுக்கு இரண்டுமே இல்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோது நாட்டின் முக்கியமான தானியக் கிடங்கும் சிதைந்தது, 1,20,000 டன் கொள்ளும் கிடங்கு. நாணயம் 2019 முதலே தன் மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் இழந்திருந்தது. கோதுமையில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து. போர் வந்தபோது கையிருப்பு ஏறக்குறைய ஒரு மாதத்துக்குத்தான் என்றார்கள். கோதுமை வாங்க உலக வங்கி 15 கோடி டாலர் கடனுக்கு 2022 மே மாதம் ஒப்புதல் தந்தது, அந்நாட்டு நாடாளுமன்றம் அதை ஏற்றது ஜூலை கடைசியில். இடைப்பட்ட வாரங்களில் ரொட்டிக்கடை வாசல்களில் வரிசை நீண்டது.

ஒரு கப்பலின் கதையையும் சொல்ல வேண்டும். ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில், உக்ரைனின் தானியக் கப்பல்களைப் போகவிட ரஷ்யா ஒப்புக்கொண்ட கருங்கடல் தானிய ஒப்பந்தம் கையெழுத்தானது, அதன்படி ஒடேசாவிலிருந்து முதலில் கிளம்பியது ரஸோனி என்ற கப்பல், ஆகஸ்ட் 1 அன்று, 26,000 டன்னுக்கு மேல் மக்காச்சோளத்தோடு, லெபனானின் திரிப்போலி துறைமுகத்துக்கு. உலகமே அதைப் படம்பிடித்தது. ஐந்து மாதத்துக்கு மேல் தாமதம் என்று சொல்லி வாங்குபவர் சரக்கை மறுத்துவிட்டார். கொஞ்சம் துருக்கியில் இறங்கியது, மிச்சத்தோடு அந்தக் கப்பல் கடைசியில் சிரியாவின் தார்தூஸ் போய்ச் சேர்ந்தது. யாரையும் இதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிப்ரவரியில் தேவைப்பட்ட தீவனம் ஆகஸ்டில் வந்தால் அதற்குள் வாங்கியவரின் தொழில், கையில் இருந்த பணம், எல்லாம் மாறியிருக்கும். தாமதம் என்பதும் ஒரு வகை இழப்புதான், கப்பல் கிளம்பியதும் அது தீர்ந்துவிடாது.

சோமாலியாவின் நிலை இன்னும் மோசம். அங்கே மழை அடுத்தடுத்துப் பொய்த்திருந்தது, வந்துகொண்டிருந்த கோதுமையில் 90 விழுக்காட்டுக்கு மேல் ரஷ்யாவும் உக்ரைனும். பஞ்சம் பிடித்த நாட்டுக்கு உணவு அனுப்பும் உலக உணவுத் திட்டமே 2021இல் தான் வாங்கிய கோதுமையில் பாதிக்கு மேல் உக்ரைனில்தான் வாங்கியிருந்தது. விலையும் கப்பல் வாடகையும் ஏறினால் அதே நன்கொடைப் பணத்துக்குக் குறைவான மூட்டைதான் கிடைக்கும், ஆக, தேவை கூடிய நேரத்தில் உதவி சுருங்கும். ஏமனில் பங்கீட்டைக் குறைத்தபோது, பசித்தவர்களிடமிருந்து எடுத்துப் பட்டினி கிடப்பவர்களுக்குக் கொடுக்கிறோம் என்று அந்த அமைப்பின் அப்போதைய தலைவர் டேவிட் பீஸ்லி சொன்னார். 2022இல் சோமாலியாவில் வறட்சியால் வழக்கத்தைவிடக் கூடுதலாக 43,000 பேர் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து நடந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது, அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளாக இருக்கலாம் என்றும் சொன்னது. அந்தச் சாவுகளை உக்ரைன் போரின் கணக்கில் முழுசாக எழுத முடியாது, வறட்சியும் உள்நாட்டுச் சண்டையும் முன்பே இருந்தன. ஆனால் வறட்சி வந்தால் வெளியிலிருந்து தானியம் வந்து தாங்கும் என்ற கடைசிப் பிடிமானம் அந்த வருடம் தளர்ந்துபோனது.

உரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். யூரியாவுக்கு இயற்கை எரிவாயு வேண்டும், பொட்டாஷில் பெரும்பங்கு ரஷ்யாவும் பெலாரஸும். 2020இல் டன் 250 டாலருக்குக் கீழே இருந்த யூரியா 2022 ஏப்ரலில் 900 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் உரத்தைக் குறைத்துப் போட்ட விவசாயியின் விளைச்சல் அடுத்த பருவத்தில்தான் குறையும், அப்போது செய்தியில் போர் இருக்காது.

இரண்டாவது போர்

தானிய ஒப்பந்தம் 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகியதும் முடிந்தது. அதற்குள் ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன் தானியமும் மற்ற உணவுப்பொருள்களும் வெளியே வந்திருந்தன. அதில் அதிகம் பெற்றவை சீனாவும் ஸ்பெயினும் போன்ற நாடுகள், ஏழை நாடுகளுக்குப் போனது கொஞ்சம்தான் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஸ்பெயின் தன் பன்றிகளுக்கு உக்ரைன் மக்காச்சோளம் வாங்கிக்கொண்டால் வேறு சந்தையில் அது போட்டிக்கு வராது, அதனால் எல்லோருக்கும் விலை தணியும், ஆகவே அந்தக் குற்றச்சாட்டு பாதிதான் சரி. மீதிப் பாதியை எகிப்தே காட்டிவிட்டது: விலை தணிந்தாலும் வாங்க டாலர் இல்லாதவருக்கு அந்தத் தணிவு போய்ச் சேராது.

அப்புறம் 2023 அக்டோபரில் காசாவில் போர். நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கேலக்ஸி லீடர் கப்பலைக் கைப்பற்றினார்கள், செங்கடல் தாக்குதல்கள் தொடர, பெரிய கப்பல் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. எகிப்துக்கு டாலர் கொண்டுவரும் முக்கியமான வழிகளில் ஒன்று சூயஸ் கால்வாய்க் கட்டணம். 2023இல் 1,000 கோடி டாலரைத் தாண்டிய அந்த வருமானம் 2024இல் 400 கோடி டாலர் அளவுக்கு வந்துவிட்டது. இந்த முறை கோதுமை வரத்தில் பெரிய தடங்கல் இல்லை. போர் நேராகப் பணப்பெட்டியிலேயே கைவைத்தது. 2024 பிப்ரவரியில் மத்தியதரைக் கடலோரம் ராஸ் எல் ஹிக்மா என்ற இடத்தை மேம்படுத்தும் உரிமைக்கும் வேறு முதலீடுகளுக்குமாக அபுதாபி அரசு நிறுவனம் ஒன்று 3,500 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் ஆனது, மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் தன் கடனை 800 கோடி டாலராக உயர்த்தியது, பவுண்டு 50க்குப் போனது, துறைமுகங்களில் தேங்கிய சரக்குகள் நகரத் தொடங்கின. கோதுமைக் கணக்கு கடைசியில் கடற்கரை நிலத்தில் வந்து முடிந்தது.

மே கடைசியில் பிரதமர் முஸ்தஃபா மத்பூலி அறிவித்தார்: ஒரு மானிய ரொட்டியைச் சுட அரசுக்கு 125 பியாஸ்டர் ஆகிறது, இனி அதன் விலை 20 பியாஸ்டர். 30 ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் இருந்த 5 பியாஸ்டர் 2024 ஜூன் 1 அன்று நாலு மடங்கானது. ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளைக்கு 25 ரொட்டி. மாதத்துக்கு 37.5 பவுண்டு ஆன செலவு அன்று காலையிலிருந்து 150 பவுண்டு.